கடல் கடந்த கல்யாணத்துக்கு அழைப்பவர்கள் செலவையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்

கடந்த ஆவணி மாதம் என் பள்ளித் தோழரின் மகன் திருமணத்துக்காக மயிலாடுதுறையிலிருந்து 23 பேர் யாழ்ப்பாணம் போய் வந்தோம். சிங்கப்பூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த இருவர் விரும்பி, இரு வீட்டாரும் மனம் ஒப்பி நடத்திய திருமணம் அது. மணமக்களைப் பற்றியோ பெண் வீட்டாரின் உபசரிப்பைப் பற்றியோ ஒரு குறையும் சொல்வதற்கில்லை. குறை எங்கள் பக்கத்தில், குறிப்பாக என் பக்கத்தில் இருந்தது. பயணத்துக்குப் பணம் வசூலித்து, டிக்கெட் எடுத்து, வாட்ஸப் குழுவை நடத்தியவன் நான்தான்.

தோழர் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தபோது, "குடும்பத்தோட அவசியம் வரணும், நீங்க இல்லாம என்ன கல்யாணம்?" என்றுதான் எல்லாரிடமும் சொன்னார். உள்ளூர் மண்டபத்தில் நடக்கும் திருமணத்துக்கு அந்த வார்த்தை பொருந்தும். வருகிறவருக்கு ஆகும் செலவு பேருந்துக் கட்டணமும் மொய்யும்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்க வேண்டிய திருமணத்துக்கும் அதே வார்த்தையைச் சொன்னால், அழைத்தவரே கூட்டிக்கொண்டு போவார் என்று சிலர் எண்ணுவதில் தவறில்லை. தலைக்கு 18,000 ரூபாய் என்று நான் குழுவில் எழுதிய அன்று, அப்படி எண்ணியிருந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. வரிசையாகக் கும்பிடும் கைகளின் படத்தைப் போட்டார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த 18,000 என்பதும் முழுக் கணக்கன்று. ஒன்பது பேரிடம் பாஸ்போர்ட்டே இல்லை. விண்ணப்பக் கட்டணம் 1,500 ரூபாய்தான். ஆனால் வயதான பெண்களுக்கு ஓர் அட்டையில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் இன்னோர் அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்தும் இருக்க, அதைத் திருத்துவதற்கு அலைந்த நாட்களின் கூலியை யார் கணக்கில் சேர்ப்பது? துணிமணி, பெட்டி, வெறுங்கையோடு போகக்கூடாது என்று வாங்கிய பலகாரங்கள் என்று ஒவ்வொன்றாக ஏறியது. நகைகளோடு போகிறவர்கள் கிளம்பும்போதே இந்தியச் சுங்க அதிகாரிகளிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பி வரும்போது வழக்கு வராது என்பதையும் நான் கடைசி வாரத்தில்தான் சொன்னேன். அதன் விளைவாகப் பாதிப் பேர் நகையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள், மீதிப் பேர் துறைமுகத்தில் நெடுநேரம் நின்றார்கள்.

2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய கப்பல் சேவை அது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கடல் பொங்கும்போது நிறுத்திவிடுவார்கள் என்பதால், முகூர்த்தத்தை ஆவணியிலேயே வைத்தார்கள். அதிலும் நல்லூர்க் கந்தன் திருவிழா முடியட்டும் என்று பெண் வீட்டார் காத்திருந்தார்கள். அந்த 25 நாளும் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மீன், இறைச்சி புழங்குவதில்லை. (எங்கள் குழுவில் நண்டுக்காகவே வந்த இருவருக்குத் திருவிழா முடிந்திருந்தது பெரிய ஆறுதல்.)

அங்கே போன பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. யாழ்ப்பாணத்துச் சடங்குகளில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வேலை நிறைய உண்டு. நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்குவார்கள். எங்களுக்கு அங்கே வீடு இல்லாததால், வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்கூடமே மாப்பிள்ளை வீடாயிற்று. அதற்குத் தாய், தகப்பன், தாய்மாமன், அத்தை, சுமங்கலிகள் சிலர் இருந்தால் போதும். கூறைச்சேலையைத் தோழரின் தமக்கை தட்டில் ஏந்திப் போனார். எங்கள் ஊரின் ஒரு பகுதியான கூறைநாட்டின் தறிகள் தந்த பெயர் அந்தச் சேலையின் பெயராகவே கடல் கடந்து நிலைத்திருப்பதைக் கேட்டுப் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் மகிழ்ந்துபோனார். எப்படி எண்ணிப் பார்த்தாலும் சடங்குக்கு வேண்டியவர்கள் எட்டுப் பேர். மற்ற 15 பேரும் "மாப்பிள்ளை பக்கம் கூட்டம் குறைந்தால் மதிப்பாக இருக்காது" என்ற ஒரே காரணத்துக்காகக் கடல் கடந்தவர்கள். பொன்னுருக்கும் நாளன்று அவர்களில் சிலர் நயினாதீவுக்குப் போக வேன் கேட்டுச் சண்டையிட்டதை விரித்து எழுத விரும்பவில்லை. பணம் கட்டியவர்கள் ஊர் பார்க்க ஆசைப்படுவதும் இயல்புதான்.

திருமணத்துக்கு முதல் நாள் மாலை, பெண்ணின் சித்தி எங்கள் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அங்கே தாலியைக் கனமான பொன்கொடியில் கோத்து அணிவது வழக்கம். எங்களோடு படித்து இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பரின் மனைவியைப் பார்த்து அவர், "ஏன் அக்கா, கொடி போடேல்லையோ?" என்று கள்ளமில்லாமல் கேட்டார். நண்பரின் மனைவி மஞ்சள் கயிற்றைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டு, "கப்பல்ல வர்றதால பயந்து வச்சிட்டு வந்துட்டேங்க" என்றார். சுங்கத்துக்கு அஞ்சிக் கழற்றியவர்களில் அவரும் ஒருவர் என்றே நானும் நினைத்தேன். அன்றிரவு நண்பரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான், இருவருக்குமான 36,000 ரூபாய்க்காக அந்தச் சங்கிலி வங்கியில் அடகில் இருப்பது தெரிந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "எல்லாரும் வர்றேன்னு சொன்ன பிறகு நான் மட்டும் எப்படிடா?" என்றார்.

செலவைப் பற்றி அழைக்கும்போதே பேசுவது நாகரிகமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஆனால் அந்தக் கூச்சத்தின் விலையை அழைப்பவர் கொடுப்பதில்லை. அழைக்கப்படுபவர்களில் கையில் குறைவாக உள்ளவர்தான் கொடுக்கிறார். வசதியுள்ளவர் வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார், அவரை யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். இல்லாதவர் வரவில்லை என்றால், காசில்லாமல்தான் வரவில்லை என்று ஊர் பேசும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கப்பலோ விமானமோ ஏற வேண்டிய திருமணத்துக்கு, பத்திரிகை கொடுக்கும் அன்றைக்கே, டிக்கெட் யாருடையது, தங்கும் இடம் யாருடையது, எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தன் செலவில் கூட்டிப்போவதானால் யாரை என்பதையும் தனியே சொல்லிவிடலாம். பதிலைக் குழுவில் கேட்காமல் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். ஊரில் வரவேற்பு வைக்கும் நாளையும் அதே மூச்சில் சொல்லிவிட்டால், "நான் வரவேற்புக்கு வந்துவிடுகிறேன்" என்று ஒருவர் தலைநிமிர்ந்து சொல்ல வழியிருக்கும். எங்கள் தோழர் மயிலாடுதுறையில் வரவேற்பு வைத்தார். ஆனால் அதை யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய பிறகுதான் முடிவு செய்தார்.

விஷயம் தெரிந்ததும் தோழர் அந்த 36,000 ரூபாயைத் திருப்பித் தர முயன்றார். ஜெராக்ஸ் கடை நண்பர் வாங்கவில்லை. என்னோடு இரண்டு மாதம் சரியாகப் பேசவும் இல்லை, ஏனென்றால் தோழரிடம் சொன்னது நான்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சங்கிலியைப் போன வாரம் மீட்டுவிட்டதாக அவருடைய மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

வரும் தை மாதம் என் தங்கை மகளுக்குக் கோலாலம்பூரில் திருமணம். இம்முறையும் ஏற்பாடுகளை என்னிடம்தான் ஒப்படைத்திருக்கிறார்கள். பத்திரிகையோடு தருவதற்கு அரைப் பக்கத்தில் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரியில் தொகை இருக்கிறது, இரண்டாவது வரியில் ஊரில் நடக்கும் வரவேற்பின் தேதி. தங்கை அதைப் படித்துவிட்டு, "இப்படி முகத்துல அடிச்ச மாதிரி எழுதணுமாண்ணே?" என்று கேட்கிறாள்.