ஆலோசனைக் குழுவில் ஒரு நாற்காலி டேங்க் ஆபரேட்டருக்கு

திங்கட்கிழமை எங்கள் கல்லூரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நாங்கள் தத்தெடுத்திருக்கும் ஐந்து ஊர்களுக்கு இணைய வசதி செய்து கொடுக்கும் திட்டத்துக்குப் புதிதாக நிபுணர் ஆலோசனைக் குழு அமைக்கப்போகிறார்கள், ஒவ்வொரு துறையும் இரண்டு பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஸ்டாஃப் ரூமில் உடனே பெயர்கள் வந்து விழுந்தன. ஓய்வுபெற்ற தொலைத்தொடர்பு உயர் அதிகாரி ஒருவர், பெங்களூரில் பெரிய நிறுவனத்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் இன்னொருவர். எல்லாருமே தகுதியானவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் சொன்ன பெயரைக் கேட்டதும் மட்டும் அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. எங்கள் ஐந்து ஊர்களில் ஒன்றில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் டேங்க் ஆபரேட்டரின் பெயர் அது.

ஏன் அவர் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கல்லூரிகளை ஊர்களோடு இணைக்கும் மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் திட்டம் 2014-இல் வந்த பிறகு கல்லூரிகள் ஊர்களைத் தத்தெடுப்பது சாதாரணமாகிவிட்டது. எங்கள் கல்லூரியும் எடுத்தது. மரக்கன்று, ரத்ததான முகாம் என்று போய்க்கொண்டிருந்தது. 2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடி ஆன்லைன் வகுப்பு வந்தபோது, எங்கள் மாணவர்களிலேயே பலர் சிக்னலுக்காக வரப்பிலும் மொட்டை மாடியிலும் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். என் வகுப்பில் ஒரு பெண் தினமும் கண்மாய்க் கரையில் ஏறி நின்று வருகைப்பதிவுக்குக் குரல் கொடுப்பாள், பின்னால் காற்று இரையும் சத்தம் கேட்கும். அவள் ஊர்தான் இணைய வசதிக்காக நாங்கள் முதலில் எடுத்த ஊர். கல்லூரி மாடியில் கோபுரம் போட்டு, 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்து, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஊர்த் தண்ணீர்த்தொட்டியின் உச்சிக்கு இணைப்புக் கொடுத்து, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் இறக்குவது என்பது திட்டம். அந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் வெளியிடங்களில் பயன்படுத்த 2018-இல் மத்திய அரசு வழிவிட்டிருந்தது, எங்களுக்கு அது பெரிய வசதி.

அப்போதும் ஒரு ஆலோசனைக் குழு இருந்தது. ஐந்து பேர். அவர்களைப் பற்றி நான் குறையாகப் பேசவே மாட்டேன், ஏனென்றால் முதல் கூட்டத்திலேயே அவர்களில் ஒருவர் எங்களைப் பெரிய சிக்கலிலிருந்து காப்பாற்றினார். கல்லூரிக்கென்று தனியாக வாங்கிய இணைய இணைப்பான லீஸ்டு லைனில் மிச்சமிருக்கும் வேகத்தை ஊர் வீடுகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம், மாதம் நூறு ரூபாய் வாங்கலாம் என்று நாங்கள் அப்பாவியாக எழுதி வைத்திருந்தோம். அவர் பேனாவை எடுத்து அந்த வரியில் ஒரு கோடு போட்டார். "இது இணையச் சேவையை மறுவிற்பனை செய்வது. இதற்கு உரிமம் வேண்டும். பிஎம்-வாணி வழியாகப் போங்கள்" என்றார். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. பெட்டிக்கடைக்காரர்கூட உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம், உரிமம் பெற்ற நிறுவனத்திடம் இணைப்பு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சட்டம் தெரிந்த ஒருவர் மேசைக்கு எதிரில் இல்லையென்றால் நாங்கள் கல்லூரியையே வம்பில் மாட்டிவிட்டிருப்போம். நிபுணர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பதற்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

அப்புறம் என்ன நடந்தது? இணைப்பு வந்தது. திறப்பு விழா நடந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் காலையில் இரண்டு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இணையம் போய்ப் போய் வந்தது. நாங்கள் கல்லூரியில் உட்கார்ந்துகொண்டு கருவியின் பதிவுகளை (லாக்) பார்த்தோம். ரேடியோவின் மென்பொருளைப் புதுப்பித்தோம், ஆன்டெனா திசை விலகியிருக்குமோ என்று இரண்டு மாணவர்களைத் தொட்டி மேல் ஏற்றினோம், வேறு சேனலுக்கு மாற்றினோம், ஆலோசகர் ஒருவருக்கு வரைபடங்களோடு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினோம். அவர் வேறு சிக்னல்களின் குறுக்கீடாக இருக்கலாம் என்று சொல்லி, அலைகளை அளக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்து அளக்கச் சொன்னார். ஒரு மாதம் ஓடிவிட்டது.

ஒரு நாள் காலையில் நானே போய்த் தொட்டிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். டேங்க் ஆபரேட்டர் அண்ணன் சைக்கிளில் வந்தார். என்ன மேடம் பார்க்கிறீங்க என்றார். சொன்னேன். "நான் மோட்டார் போடுறப்பல்லாம் உங்க பொட்டில லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுதே, அதுவா?" என்றார். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமியது, அறையில் இருந்த குண்டு பல்பு மங்கியது, எங்கள் பெட்டியின் விளக்குகள் மொத்தமும் அணைந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எரியத் தொடங்கின. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் சரிகிறது, அடாப்டர் தாங்கவில்லை, பெட்டி மறுபடி முதலிலிருந்து துவங்குகிறது. காலையில் இரண்டு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவர் தண்ணீர் விடும் நேரம் அது. ஒரு மாதமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

சின்ன பேட்டரி வைத்த யுபிஎஸ் ஒன்றைப் போட்டோம், தீர்ந்தது.

அந்தக் குழுவில் இன்னொருவர் இருந்தார், வாழ்நாள் முழுக்கக் கம்பத்திலும் கேபிள் பள்ளத்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர். அவர் மட்டும்தான் கூட்டத்துக்கு வந்த அன்றே ஊருக்குப் போக வேண்டும் என்றார். மதியச் சாப்பாடு முடிந்ததும் என்னோடு பஸ்ஸில் வந்தார். ஊரில் இறங்கி அவர் கேட்ட முதல் கேள்வி, "எர்த் எங்கம்மா போட்டிருக்கீங்க?" தொட்டிக்குப் பின்புறம் காட்டினோம். குழாயைச் சுற்றி மண் பாளமாக வெடித்துக் கிடந்தது, கம்பி இணைப்பு துருவேறி விரலால் தொட்டதும் கழன்று வந்தது. குந்தி உட்கார்ந்து அந்தத் துருவை வேட்டி நுனியால் துடைத்தார். குழியை ஆழமாக வெட்டச் சொல்லி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் ஏற்பாடு செய்யுங்கள் என்றார். அந்த ஆளும் டேங்க் ஆபரேட்டர் அண்ணன்தான். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் இரண்டு ரேடியோக்களின் போர்ட் எரிந்துபோயிருந்தன. அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றுகூட எரியவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நமக்குப் பக்கத்திலேயே, மதுரை மாவட்டம் மேலூரில், 2001 வாக்கில் கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோக சாரி என்று ஒரு திட்டம் நடந்தது. ஆலோசகர்கள் யார் யார் என்று பாருங்கள்: ஐஐடி மெட்ராஸ், எம்ஐடியின் மீடியா லேப், ஹார்வர்டின் பன்னாட்டு வளர்ச்சி மையம். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் வழியாகக் கிராமக் கியாஸ்க்குகளுக்கு, அதாவது ஊருக்குள் இருக்கும் சின்ன கணினி மையங்களுக்கு, இணைப்பு போனது. வேகம் 35, 70 கிலோபிட், அன்றைக்கு அதுவே பெரிது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மனு எல்லாம் தாலுகா அலுவலகத்துக்குப் போகாமலே விண்ணப்பிக்க முடிந்தது. இதைவிடப் பெரிய மூளைகளை ஒரு கிராம இணையத் திட்டத்துக்குக் கூட்டிவர முடியாது.

அந்தக் கியாஸ்க்குகள் நிறைய மூடப்பட்டன. ஏன் மூடப்பட்டன என்று ஆராய்ச்சியாளர் மைக்கேல் பெஸ்ட்டும், தமிழ்நாட்டு ஐஏஎஸ் அதிகாரியான ராஜேந்திர குமாரும் சேர்ந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கருவி சரியில்லை என்பது முதன்மைக் காரணமாக வரவே இல்லை. கியாஸ்க் நடத்தியவர்கள் கையில் காசு நிற்கவில்லை. பழுது வந்தால் உடனே வந்து பார்க்க ஆள் போதவில்லை. அரசு சேவைகள் முதல் வருடம் நன்றாக ஓடின, முன்நின்று செய்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் படுத்துவிட்டன. நன்றாகப் பயிற்சி பெற்ற தனி ஆபரேட்டர் இருந்த கியாஸ்க், தொழில்நுட்ப உதவி தொடர்ந்து கிடைத்த கியாஸ்க், கூடுதல் நாள் தாக்குப்பிடித்தது. தோற்றதை மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இருபது வருடம் கழித்து, அதே மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அதைப் படிக்காமலே நாமும் அதே வேலையைத் தொடங்குகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

தேனியைப் பாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து சுற்று வட்டாரப் பார்வை மையங்களுக்கு, மருத்துவர் வீடியோவில் நோயாளியைப் பார்க்கும்படி, கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் புரூவர் குழுவினர் வந்து நீண்ட தூர வைஃபை போட்டார்கள். சாதாரண வைஃபை வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்குச் செய்யப்பட்டது. அனுப்பியது கிடைத்ததா என்று பதில் வரும்வரை துளி நேரம்தான் காத்திருக்கும், கிலோமீட்டர் கணக்கில் தூரம் போனால் பதில் வருவதற்குள் பொறுமை இழந்து திரும்ப அனுப்பத் தொடங்கிவிடும். அவர்கள் அந்த முறையையே எடுத்துவிட்டு, நீ இவ்வளவு நேரம் பேசு, நான் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்று முறை வைத்துப் பேச வைத்தார்கள். அழகான வேலை. அதே குழு 2008-இல் எழுதிய கட்டுரையில் அலைவரிசையைவிட அதிகமாகப் பேசுவது எதைப் பற்றித் தெரியுமா? மோசமான கரண்ட். ஏறி இறங்கும் மின்னழுத்தம், சரியில்லாத எர்த், அதில் எரிந்துபோகும் போர்டுகள். அப்புறம், உள்ளூர்ப் பணியாளர்களே பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யப் பழக்கியது. அந்த ஆலோசகர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், வருடக்கணக்கில் நின்றார்கள், கடைசியில் பொறுப்பை இங்கே இருப்பவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதற்கும் முன்னால், 1998-இல், புதுச்சேரி பக்கம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்கள் வைத்தபோது, இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், எல்லாச் சாதியினரும் உள்ளே வர முடிய வேண்டும் என்று முதலிலேயே நிபந்தனை போட்டார்கள். வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது அலை எவ்வளவு உயரம் வரும் என்ற தகவல். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, கடற்கரையில் ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டதனால் கிடைத்த பலன் அது. எங்கள் திட்டத்தில் அந்தக் கேள்வியை முதல் வருடம் கேட்கவே இல்லை. நூலகத்தில் வைஃபை வைத்தோம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகள் அங்கே வர மாட்டார்கள் என்பது எங்கள் ஐந்து நிபுணர்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து பேரும் ஆண்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மகளிர் குழுவில் இருக்கும் ஒரு அக்காதான் "எங்க தையல் கடைக்கு மாத்துங்க, பிள்ளைக என் கண்ணு முன்னாடி உக்காந்து படிக்கும்" என்றார். இப்போது பிஎம்-வாணி பெட்டி அவர் கடையில்தான் இருக்கிறது. வைஃபைக்கான கூப்பன் அவரே விற்கிறார். வாங்கும் இணைப்புக்குக் கட்டும் காசுதான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. இப்படிப்பட்ட சிறு கடைகளிடம், சாதாரண வீட்டு இணைப்புக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025-இல் ஆணை போட்ட செய்தியை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அரசின் ஃபைபரும் வந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் வழியாகக் கொண்டுபோவது மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட்டின் வேலை. பெரும்பகுதி மின்கம்பங்கள் மேலேயே போகிறது. ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வந்த பிறகு அங்கிருந்து தெருவுக்கு யார் கொண்டுபோவார்கள், அணில் கடித்தால் யார் ஒட்டுவார்கள், இதற்குக் கல்லூரிகள் நிறையச் செய்ய முடியும். அதனால்தான் இந்தப் புதிய குழு சரியாக அமைய வேண்டும் என்று இவ்வளவு அடித்துக்கொள்கிறேன்.

நான் எழுத்தில் கேட்டிருப்பது இவ்வளவுதான். சட்டம் தெரிந்தவர் ஒருவர், ரேடியோ தெரிந்தவர் ஒருவர் கண்டிப்பாக இருக்கட்டும். மீதி மூன்று நாற்காலிகளில் ஒன்று டேங்க் ஆபரேட்டர் அண்ணனுக்கு, ஒன்று தையல் கடை அக்காவுக்கு, ஒன்று அந்தப் பக்கம் இருபது வருடமாக கேபிள் டிவி நடத்தும் தம்பிக்கு. எந்தக் கம்பத்தில் எந்த வயர் போகிறது, எந்தத் தெருக்காரர் மாதக்காசை எப்போது கொடுப்பார் என்பது அவருக்கு அத்துப்படி. வெளியூர் நிபுணர்களுக்குக் கொடுக்கும் அதே அமர்வுப்படி இவர்களுக்கும் வேண்டும், ஏனென்றால் டேங்க் ஆபரேட்டர் ஒரு நாள் கூட்டத்துக்கு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் விட வேறு ஆளுக்கு அவர்தான் காசு கொடுக்க வேண்டும். கூட்டம் வருடத்துக்கு ஒன்று போதாது, மூன்று மாதத்துக்கு ஒன்று, அதுவும் ஊராட்சி அலுவலகத்தில். குழுவின் காலம் குறைந்தது மூன்று வருடம். பேட்டரி சாவதும், பயிற்சி பெற்ற மாணவர்கள் படித்து முடித்துப் போவதும் அப்போதுதான்.

அண்ணனிடம் செவ்வாய்க்கிழமை போனில் கேட்டேன், பெயர் கொடுக்கட்டுமா என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் எட்டாவதுதான் மேடம் படிச்சிருக்கேன், அங்க வந்து என்ன பேசுறது" என்றார். மோட்டார் போட்டால் லைட் அணைகிறது என்று சொன்னீர்களே, அந்த மாதிரி பேசுங்கள் என்றேன். சரி, காலைத் தண்ணி விட்டுட்டு பத்து மணிக்கு மேல வச்சா வர்றேன் என்றார். படிவத்தில் அவர் பெயரை எழுதி, தகுதி என்ற கட்டத்தில் "பதினேழு வருட அனுபவம், மேல்நிலைத் தொட்டி, மின்மோட்டார், களப் பராமரிப்பு" என்று நிரப்பி, துறைத்தலைவர் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்று வியாழன். இன்னும் கையெழுத்தாகவில்லை.