ப்யூப்ரினார்ஃபின் "இன்னொரு போதை" அல்ல

ஒரு பதிவில் படித்ததன் சாரம்: ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகைப் பொருட்கள்) அடிமைத்தனத்துக்கு ப்யூப்ரினார்ஃபின் என்ற மருந்தை எழுதும் மருத்துவர் ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுக்கிறார், எழுத மறுப்பவரே பொறுப்பானவர். மருத்துவர்கள் சிலர்கூட இப்படி நினைப்பதால் பலர் நம்புவதில் வியப்பில்லை. ஆனால் இது சரியல்ல.

உடல் ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 (மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு) ஓபியாய்டு அடிமை நோய்க்கு 11 அடையாளங்கள் சொல்கிறது; 12 மாதங்களுக்குள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். மருத்துவக் கண்காணிப்பில் மருந்து எடுப்பவருக்கு, பழைய அளவு போதாமல் போவதும் நிறுத்தினால் வரும் விலகல் அறிகுறிகளும் அந்தக் கணக்கில் சேராது.

ப்யூப்ரினார்ஃபின், ஹெராயின் உட்காரும் அதே ஏற்பியில்தான் (நரம்பு செல்லில் மருந்து ஒட்டும் இடம்) உட்காரும், ஆனால் அரைகுறையாகவே தூண்டும். அளவைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் விளைவு ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். (மது, தூக்க மாத்திரை சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.)

அனுபவமில்லாத மருத்துவர் சறுக்குவது பெரும்பாலும் முதல் டோஸில். ஹெராயின் எடுத்து 12 மணி நேரம்கூட ஆகாமல், கொட்டாவி, வியர்வை, கண்மணி விரிவு தொடங்கும் முன்பே மாத்திரையை நாக்கடியில் வைத்தால், அது ஏற்பியில் இருந்ததைத் தள்ளிவிடும். விலகல் அறிகுறிகள் ஒரேயடியாகத் தாக்கும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று குறிப்பு எழுதப்படும். பிழை மருந்தில் இல்லை, கொடுத்த நேரத்தில்.

சரிபார்க்க: டி.எஸ்.எம்.-5இன் ஓபியாய்டு பகுதியில் அளவு போதாமை, விலகல் ஆகிய இரு அடையாளங்களுக்குக் கீழுள்ள குறிப்பைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் தேடலாம். மெத்தடோனும் (இதே நோய்க்குத் தரப்படும் இன்னொரு மருந்து) ப்யூப்ரினார்ஃபினும் 2005 முதல் அதில் இருக்கின்றன.