மூன்று நாள் கரண்ட் இருக்காதா?

"அடுத்த வாரம் சூரியப் புயல், உலகம் முழுக்க மூன்று நாள் கரண்ட் கட், அரசாங்கங்கள் மறைக்கின்றன, போனை ஆஃப் செய்யுங்கள்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

சூரியப் புயலால் மின்கட்டமைப்புக்கு ஆபத்து உண்டு, அது உண்மைதான். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேருக்கு ஏறக்குறைய 9 மணி நேரம் மின்சாரம் இல்லை. சூரியப் புயலால் நீண்ட மின்கம்பிகளில் புகுந்த உபரி மின்னோட்டம்தான் காரணம். உங்கள் கையடக்க போனில் அத்தனை நீளக் கம்பி ஏது?

அப்புறம், மறைக்கிறார்களாம்! அமெரிக்க அரசு அமைப்பான நோவாவின் விண்வெளி வானிலை மையம் ஜி1 (லேசானது) முதல் ஜி5 (மிகக் கடுமையானது) வரை அளவுகோல் வைத்து எச்சரிக்கைகளை இணையத்தில் வெளிப்படையாகவே போடுகிறது, யாரும் பார்க்கலாம். சூரியனில் வெடித்துக் கிளம்பும் பொருள் இங்கே வர பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள். அது எவ்வளவு பலமானது என்பது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயற்கைக்கோளைக் கடக்கும்போதுதான், அதாவது பூமியை அடைய ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போதுதான், சரியாகத் தெரியும். அந்த நேரத்துக்குள் என்ன செய்வது என்று மின்வாரியங்கள் திட்டம் வைத்திருக்கின்றன. 2024 மே மாதம் ஜி5 புயலே வந்தது, உலகம் இருளவில்லை.

அந்த மெசேஜ் வந்தால் அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள், மேலே ஃபார்வர்டு செய்யாதீர்கள்.