எந்தக் கால்சியம்?

வருடக்கணக்கில் நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமிலத்தை அடக்கும் மாத்திரைகளைப் போடுபவர்கள், எலும்புக்காகக் கால்சியம் மாத்திரை சேர்த்துக்கொண்டால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. எந்தக் கால்சியம்? கடையில் கிடைக்கும் கால்சியம் கார்பனேட், கால்சியம் சிட்ரேட் என்ற வகைகளில், கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதைத்தான் அடக்கி வைத்திருக்கிறோமே! சிட்ரேட் கேட்டு வாங்குங்கள், வெறும் வயிற்றிலும் சேரும். கார்பனேட்தான் இருக்கிறதென்றால் சாப்பாட்டோடு போடுங்கள். எதுவானாலும் ஒரு வேளைக்கு 500 மி.கி. கால்சியத்தைத் தாண்ட வேண்டாம்.

மெக்னீசியத்தை அந்தக் கட்டுரை தொடவே இல்லையே? இந்த அமில மாத்திரைகளை ஓராண்டுக்கு மேல் போட்டால் உடலில் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011லேயே எச்சரித்தது. கெண்டைக்கால் இழுப்பு, நடுக்கம், படபடப்பு இருந்தால் ரத்தத்தில் மெக்னீசியம் அளவு பாருங்கள். அது சரியாகாமல் பொட்டாசியமும் கால்சியமும் ஏறவே ஏறாது. சிலருக்கு அந்த அமில மாத்திரையை நிறுத்தினால்தான் மெக்னீசியம் நிற்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருந்துக்கடையில் மெக்னீசியம் மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிப் போடாதீர்கள், வெளியேறாமல் தேங்கிவிடும்.