சந்தேகம் ஏற்றத்தில், ஆபத்து இறக்கத்தில்

சைக்கிளோட்டப் பந்தயங்களில் மலைச்சாலை ஏறும் நேரங்கள் 1990களைவிடக் குறைந்திருப்பதால் இன்றைய வீரர்களும் ஊக்கமருந்து உட்கொள்வார்களோ என்று உங்கள் இதழின் கட்டுரையாளர் ஐயுறுவதை என்னால் ஒதுக்க முடியவில்லை. அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்கள் ஊக்கமருந்துக்காக 2012இல் பறிக்கப்பட்டதை யார் மறப்பார்? ஆயினும், வண்டியும் சக்கரமும் பந்தய உணவும் வெகுவாக மாறிவிட்ட நிலையில், நேரத்தை மட்டும் வைத்துக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. வீரரின் இரத்த அளவீடுகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிடும் உயிரியல் கடப்பிதழ் 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கட்டுரை தொடாமல் விட்டது இறக்கப் பாதைகளை. 2023இல் சுவிட்சர்லாந்தின் ஆல்புலா கணவாயிலிருந்து இறங்கும்போது விழுந்த வீரர் ஜீனோ மேடர் மறுநாள் உயிரிழந்தார். 2024இல் சூரிக் உலகப் போட்டியில், மழையில் காட்டுப் பகுதியில் விழுந்த 18 வயது வீராங்கனை மூரியல் ஃபுரர் நெடுநேரம் எவர் கண்ணிலும் படவில்லை; அவரும் மறுநாள் உயிரிழந்தார். அதன் பின்னரும், 2025இல் சுவிட்சர்லாந்தின் மகளிர் ரொமாண்டி போட்டியில் வீரர் எங்கிருக்கிறார் என்று காட்டும் ஜிபிஎஸ் இருப்பிடங்காட்டியைச் சோதிக்க அணிக்கு ஒருவரைத் தெரிவுசெய்ய மறுத்து ஐந்து அணிகள் நீக்கப்பட்டன என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. சாதனத்தைப் பற்றிய அவர்களுடைய சர்ச்சையைவிட உயிர் பெரிதல்லவா?

கெந்திங் மலைச்சாலையின் மழையையும் மூடுபனியையும் கோலாலம்பூர்வாசிகள் நன்கறிவோம். அத்தகைய சாலைகளில் மலேசியாவின் லங்காவி சைக்கிளோட்டப் போட்டி நடக்கும்போது, ஒவ்வொரு வீரரிடமும் இருப்பிடங்காட்டி இருப்பதை ஏற்பாட்டாளர்கள் கட்டாயமாக்க வேண்டும்.