முடிவு தெரிந்தவர்கள் சொல்லும் ஆறுதல்

டென்மார்க்கின் தத்துவவாதி கீர்க்கேகார்டையும் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கியையும் நாம் பெரும்பாலும் கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்குக்குச் சாட்சிகளாகவே அழைக்கிறோம். நாத்திகர், தஸ்தயெவ்ஸ்கியின் நாவலில் வரும் இவான் கரமசோவின் பேச்சை எடுத்துக்கொள்கிறார்; பக்தர், கீர்க்கேகார்ட் எழுதிய விவிலிய ஆபிரகாமின் பக்கம் நின்றுகொள்கிறார். ஆனால் துன்பத்தின் நடுவில் இருப்பவரிடம் வெளியில் இருப்பவர் என்ன பேசலாம் என்ற கேள்விதான் அந்த நூல்களில் என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

1843-இல் வெளிவந்த ‘அச்சமும் நடுக்கமும்’ நூலில் கீர்க்கேகார்ட், கடவுளின் கட்டளைப்படி ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் புறப்பட்ட விவிலியக் கதையை வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறார். கடைசியில் மகனுக்குப் பதிலாக ஆட்டுக்கடா கிடைத்துவிடும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே பலியிட வேண்டிய மோரியா மலை நோக்கிய அந்த மூன்று நாள் பயணத்தை ஒரே மூச்சில் கடந்துவிடுகிறோம். விறகைப் பிளந்து, கழுதைக்குச் சேணம் கட்டி, பலிக்கு ஆடு எங்கே என்று மகன் கேட்டபோது பதிலும் சொன்ன ஆபிரகாமுக்கு அந்த முடிவு தெரியாது. அதே நூலில், ஆபிரகாமை மேடையில் புகழும் போதகர் ஒருவர் வருகிறார். அதைக் கேட்டவன் தானும் அப்படியே செய்யப் புறப்பட்டால், முதலில் ஓடிவந்து அவனைப் பாவி என்று ஏசுபவர் அவராகத்தான் இருப்பார். உடன்பிறந்த அறுவரில் ஐவரை இளமையிலேயே இழந்தவர் எழுதிய நூல் இது.

நம்மிடம் பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் கதை இருக்கிறது. அடியாராக வந்த சிவன் கேட்டதற்காக, பள்ளியிலிருந்து கூட்டிவந்த தன் மகன் சீராளனை அறுத்துக் கறி சமைத்த பிறகு, அழைத்ததும் அவன் ஓடி வருகிறான். அந்த ஓடிவருதலைச் சொல்லியே நாம் கதையை முடிக்கிறோம். சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலில், பிள்ளைக்கு உடம்பு தேற வேண்டும் என்று ஈரப் புடவையோடு உருளுதண்டம் போடும் தாய்மாரைப் பார்க்கும்போதும் எனக்கு இதே எண்ணம் வருகிறது. தன் உடம்பை வருத்திக்கொள்ளும் அந்த வேண்டுதலை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் பலித்த வேண்டுதல்களை மட்டுமே நாம் ஊர் முழுக்கச் சொல்கிறோம். பலிக்காதவர்கள் பேச்சில்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அப்படி ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் வீடு. காய்ச்சலில் போன பெண் குழந்தைக்கு அப்பா தன் கையாலேயே சலங்கை வைத்துச் செய்திருந்த கொலுசை, அம்மா புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். சாமி கொடுத்தது, சாமியே எடுத்துக்கொண்டது என்றார் ஒருவர். போன பிறவிக் கணக்கு என்றார் இன்னொருவர். சொன்னவர்களில் கெட்டவர் யாருமில்லை, ஆனால் அந்தத் தாய் அவற்றில் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. பிறகு வந்த வயதான அத்தை ஒருவர், எமனுக்குக் கண் இல்லையா, மாரிக்கு மனம் இல்லையா என்று ஒப்பாரி எடுத்தார். படித்த பிள்ளைகள் சிலர் அவரை அடக்கப் பார்த்தார்கள். ஆனால் அந்தத் தாய் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

தஸ்தயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இவான், பெரியவர்களின் துன்பத்தை ஒதுக்கிவிட்டுக் குழந்தைகளின் துன்பத்தை மட்டும் எடுத்துப் பேசுகிறான். வேட்டைநாய்களுக்கு இரையாக்கப்பட்ட சிறுவனின் வேதனையை, இறுதியில் வரப்போகும் எந்த இணக்கத்தின் பேராலும் அவனுடைய தாய்கூட மன்னிக்க உரிமை இல்லை என்கிறான். கடவுளை மறுக்காமல், அந்த இணக்கத்துக்கான நுழைவுச்சீட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கிறான். அவன் வாதத்துக்கு என்னிடம் பதில் கிடையாது, பதில் தேடவும் நான் விரும்பவில்லை. ஆனாலும் அந்தக் குழந்தைகளை இவான் செய்தித்தாள்களிலிருந்து சேகரித்திருக்கிறான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் எதிரே அவன் உட்காரவில்லை.

அப்படி உட்காருபவர் அதே நாவலின் துறவி ஜோசிமா. மூன்று வயது நிரம்ப மூன்று மாதம் இருக்கும்போது இறந்த மகனின் சிறிய இடைக்கச்சையை மார்புக்குள் வைத்துக்கொண்டு ஒரு தாய் அவரிடம் வருகிறாள். குழந்தை கடவுளிடம் இருக்கிறது என்று அவரும் முதலில் வழக்கமான ஆறுதலையே சொல்கிறார். தன் கணவனும் இதையேதான் சொன்னான் என்கிறாள் அவள். அதன்பிறகு அவர், ஆறுதல் அடைய வேண்டாம், அழு என்கிறார்; பிள்ளையின் பெயரைக் கேட்டுக்கொள்கிறார். பெயர் அலெக்ஸி. தஸ்தயெவ்ஸ்கியின் மகன் பெயரும் அதுதான். 1878-இல் வலிப்பு வந்து, ஏறக்குறைய அதே வயதில் இறந்தான்.

விவிலியத்தில், பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது, தன்னோடு வழக்காடிய யோபுவிடம் அல்ல, தனக்காக வாதாடிய அந்த நண்பர்களிடம். பக்தியுள்ளவர்கள் இந்த இடத்தை அடிக்கடி படிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

தஸ்தயெவ்ஸ்கியைத் தொடங்கப் போகிறவர்கள், ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலின் ஐந்தாம் புத்தகத்தில் வரும் இவானின் பேச்சுக்கு நேராகத் தாவாமல், இரண்டாம் புத்தகத்தில் அந்தத் தாய் வரும் மூன்றாம் அத்தியாயத்தை முதலில் நிதானமாகப் படித்துவிட்டுப் போங்கள்.