ஹட்டனில் இந்தியாக்காரன், கோத்தகிரியில் சிலோன்காரன்

கோத்தகிரியில் எங்களைச் 'சிலோன்காரர்கள்' என்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. சிலோனிலிருந்து வந்தோம், சொல்கிறார்கள். படித்தவர்களே 'அகதிகள்' என்று எழுதும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆடு மாட்டுக்குக்கூட இதைவிட அதிகம் பேச்சு நடக்கும். அப்படி வந்தவர்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு தலைமன்னாரில் கப்பல் ஏறிய இந்தியக் குடிமக்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களே வந்தன. இதில் அகதி எங்கே வந்தார்?

அரசாங்கம் வைத்த பெயர் மட்டும் என்ன வாழ்ந்தது? என் அப்பாயி பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அவருடைய சான்றிதழில் 'தாயகம் திரும்பியவர்' என்று தட்டச்சு செய்து, மேலே ஊதா மையில் முத்திரை குத்தியிருக்கிறது. முத்திரையின் பாதி அவர் பெயர் மேலேயே விழுந்திருக்கிறது. இராமேசுவரத்தில் இறங்கும்வரை இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத மனுஷி எங்கே திரும்பினார்?

இலங்கையிலும் இதே கதைதான். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எழுதி வைத்தார்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, யாரை வெளியே நிறுத்துவது என்று தேட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. 1939-இல் 'இலங்கை இந்தியக் காங்கிரஸ்' என்று தொடங்கிய சங்கம் பின்னாளில் 'இந்திய' என்பதைக் கழற்றிவிட்டு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது சும்மா அல்ல. திருட்டுத்தனமாகப் படகில் வந்தவர்கள் என்ற பொருளில் 'கள்ளத்தோணி' என்று ஒரு பக்கம் ஏச்சு. 'தோட்டக்காட்டான்' என்று சொன்னவர்களோ நம் தமிழர்கள்தாம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

'மலையகத் தமிழர்' என்பது அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். தமிழர்களுக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களுக்கு அது பொருந்துமா என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே மலை இல்லைதான். இருந்தாலும் காட்டை வெட்டித் தேயிலை போட்டு, அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகப் புதைந்தவர்களின் பிள்ளைகள் அந்தப் பெயரை எந்த ஊருக்கும் எடுத்துக்கொண்டு போகலாம் என்பேன்.

உண்மையான அகதிகளாக வந்த மலையகத்தாரும் உண்டு. 1983-க்குப் பிறகு உயிருக்குப் பயந்து ஓடி வந்து, இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்கள். 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. நல்லது, பலகை மாறிவிட்டது. ஆனால் இலங்கையில் இந்தியத் தமிழர் என்று கணக்கெழுதப்பட்டவரின் பேரன், இங்கே தேர்தல் நாளில் விரலில் மை இல்லாமல் நிற்கிறான். இவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. எந்த நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை என்ற அதன் பட்டியலில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூன்றும் இருந்தன. இலங்கை இல்லை.